மாசாய் நாட்டுப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளையைப் பற்றி ஓர் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குச் சோம்பல், அல்லது பெற்றோருக்கு அக்கறையில்லை. இவ்விரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் விடையாக வரும். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகளைப் பள்ளிகளிலேயே கழித்த நானும் அந்த விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், ஆப்பிரிக்காவிலே தான்சானியா நாட்டின் வடபகுதியில் ஒரு வருகைப் பதிவேட்டைக் கண்டேன். அதன் பின்னர் அந்த விடையை அவ்வளவு எளிதாக என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிவேட்டையும், அது இருந்த பள்ளியையும், அப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியும் அனுப்பாமலும் இருந்த மாசாய் மக்களையும் பற்றியே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

நான் அங்குச் சென்றது எவ்வாறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் லுத்தரன் சபைக்கும் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்கு ஐயர் தொடங்கிய பணியை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனி நாட்டு லைப்சிக் மிஷன் ஏற்றுக்கொண்டது. அதே மிஷன் 1893-இல் கிளிமஞ்சாரோ நாட்டுக்கும் ஊழியர்களை அனுப்பியது. இங்கே தமிழ்ச் சபை 1919-இல் தனித் திருச்சபையாக அமைந்தது. அங்கே பல சபைகள் ஒன்றுகூடி 1963-இல் ஒரே திருச்சபையாயின. ஒரே ஆசிரியரிடம் வெவ்வேறு ஊரில் படித்த இரண்டு மாணவர்கள் முதுமையில் சந்திப்பது போன்றது எங்கள் பயணம். ஒரு போதகர், இரண்டு செவிலியர், ஒரு கட்டடப் பொறியாளர், ஐந்து கல்லூரி மாணவ மாணவியர், ஓய்வு பெற்ற தபால் அலுவலர் ஒருவர், நான். ஆகப் பதினொரு பேர். பெட்டிகளில் பேனாக்களும் நோட்டுப் புத்தகங்களும் ஒரு பந்தும் மிட்டாய்ப் பொட்டலங்களும் இருந்தன. ஒரு வகுப்பறைக்கு வண்ணம் பூசிக் கொடுப்பதற்கென்று பணமும் திரட்டி வைத்திருந்தோம். பள்ளிக்கு எது தேவை என்று பள்ளியைக் கேட்காமலே நாங்கள் முடிவு செய்துவிட்டோம் என்பது அப்பொழுது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசாய் என்றதும் உங்களுள் பலருக்கு ஒரு படம் நினைவுக்கு வரும். சிவப்புக் கட்டம் போட்ட போர்வையைப் போர்த்தி, கையில் ஈட்டி பிடித்து, நின்ற இடத்திலிருந்தே மேலே எம்பிக் குதிக்கும் நெடிய இளைஞனின் படம். உல்லாசப் பயணிகளுக்கென்று அச்சிடும் தாள்களில் எல்லாம் அந்தப் படமே இருக்கும். படம் பொய்யன்று. ஆயினும் ஒரு பெரிய மக்கட்கூட்டத்தை ஒரு குதியில் அடக்கிவிட முடியுமா? அவர்கள் கென்யாவின் தென்பகுதியிலும் தான்சானியாவின் வடபகுதியிலும் பரவி வாழ்கின்றனர். ஐரோப்பிய வல்லரசுகள் வரைபடத்தின்மேல் கோடு கிழித்து நாடுகளைப் பங்கிட்டுக்கொண்டபோது, பிரிட்டிஷ் பகுதிக்கும் ஜெர்மானியப் பகுதிக்கும் நடுவே ஓடிய எல்லைக்கோடு இவர்கள் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஓடியது. அவர்களுடைய மொழி மா எனப்படும். அது சுவாகிலி மொழிக்கு உறவன்று. நைல் ஆற்றுப் பக்கத்து மொழிகளின் இனத்தைச் சேர்ந்தது.

அவர்கள் உயிர் மாட்டில் இருக்கிறது. ஆதியில் கடவுள் வானத்திலிருந்து தோல்வார் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் வழியாகக் கால்நடைகளை மாசாய் மக்களுக்கு இறக்கிக் கொடுத்தார் என்பது அவர்கள் சொல்லும் பழங்கதை. கடவுளுக்கு அவர்கள் வழங்கும் பெயர் எங்காய். மழைக்கும் அதே சொல். ஆண்டில் இருமுறை மழை பெய்ய வேண்டிய நாடு அது: மார்ச்சு முதல் மே வரை நீண்ட மழை, நவம்பரை ஒட்டிக் குறுமழை. பெய்தால் புல், புல் இருந்தால் பால். பொய்த்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு புல் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். நாங்கள் சென்ற ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மழை அடுத்தடுத்துப் பொய்த்திருந்தது.

அருஷா நகரிலிருந்து கென்யா எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போய், பிறகு மண் பாதையில் இறங்கினோம். ஜூலை மாதம் அங்குக் குளிர்காலம். காலையில் கம்பளிச் சட்டை வேண்டியிருந்தது. பத்து மணிக்குப் புழுதி கண்ணை மறைத்தது. வேல மரங்களைத் தவிரப் பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளி ஒரு மேட்டின்மேல் இருந்தது. தகரக் கூரையிட்ட இரண்டு நீண்ட கட்டடங்கள், கொடிக்கம்பம், சமையலுக்கு ஒரு கொட்டகை. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் நீலக் கீழாடையுமாக வரிசையில் நின்றனர். எங்களைக் கண்டதும் சிறுவர்கள் ஒவ்வொருவராக முன்வந்து தலையைத் தாழ்த்தி நின்றார்கள். பெரியவர்கள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துத் தொடவேண்டும். அதுவே மாசாய்ப் பிள்ளைகளின் வணக்கம். இருநூறு தலைகளுக்குமேல் தொட்டிருப்பேன். எங்கள் தபால் அலுவலர், முத்திரை குத்தும் நாள்கள் திரும்பி வந்தன என்றார்.

வரவேற்புப் பாட்டும் ஆட்டமும் நண்பகல் வரை நடந்தன. மாணவர்கள் மகிழ்ந்தார்கள், எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் மனத்தில் ஒரு முள். ஆய்வாளர் வருகிறார் என்றால் எங்கள் பள்ளியில் இரண்டு நாள் பாடம் நடக்காது. தோரணம் கட்டுவதிலேயே போய்விடும். அதே தொல்லையை இவர்களுக்கு இப்பொழுது நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியையிடம் மெல்லச் சொன்னேன். “நீங்களும் ஆசிரியர் என்பது தெரிகிறது” என்று அவர் சிரித்தார். அதன் பின் எங்கள் பழக்கம் எளிதாயிற்று.

அவர் மாசாய் இனத்தவர் அல்லர். கிளிமஞ்சாரோ சரிவில் பிறந்த சாகா இனத்துப் பெண்மணி. அந்தப் பள்ளிக்கு வந்த பிறகே மா மொழி கற்றவர். அது சிறிய செய்தியன்று. தான்சானியாவில் தொடக்கப்பள்ளியில் பாடமொழி சுவாகிலி. மேல்நிலைக்குப் போனால் ஆங்கிலம். வீட்டில் மா மொழி தவிர வேறு கேட்டறியாத ஆறு வயதுக் குழந்தை, முதல் நாளே அன்னிய மொழியில் தன் பெயரை எழுதக் கற்கிறது. அதிலே தேறிய பின் மீண்டும் ஓர் அன்னிய மொழிக்குத் தாண்ட வேண்டும். தாய்மொழியில் படிப்பதன் அருமை நம் மாணவர்களுக்குப் புரிய வேண்டுமானால், இந்தக் குழந்தைகளின் நிலையை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும்.

மாலையில் அவர் அறையில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது, பழைய வழக்கத்தினால் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் பக்கங்கள் நிறைந்திருந்தன. ஜூன், ஜூலைப் பக்கங்களில் சிறுவர்களின் வரிசையில் வெற்றிடங்கள் பெருகிக்கொண்டே வந்தன. அவ்வாறு வராதவர்கள் பெயருக்கு எதிரே, ஓரத்தில், பென்சிலால் சிறிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. எல்லாப் பெயருக்கும் அதே சொற்கள். பொருள் கேட்டேன். “பாடா யா ம்வுவா” என்று படித்தார். மழைக்குப் பின் என்று பொருள்.

“மந்தையோடு போயிருக்கிறார்கள். இத்தனை நாள் வராவிட்டால் பெயரை நீக்கலாம்; நான் நீக்குவதில்லை. மழை வந்தால் வருவார்கள்” என்றார்.

“எல்லோருமா?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமை என்னோடு வாருங்கள். போய்ப் பார்க்கலாம்” என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன் உங்களுக்கு வரலாறு சிறிது சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அங்கு நான் கேட்ட விடை விளங்காது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நம் உழவர்கள் வெக்கை என்று சொல்லும் மாட்டுக் கொள்ளைநோய் ஆப்பிரிக்காவில் புகுந்தது. மாசாய் மந்தைகளில் பெரும்பகுதி மடிந்தது. பின்னோடு அம்மையும் பஞ்சமும் வந்தன. (அந்நோயை உலகிலிருந்து அடியோடு ஒழித்துவிட்டதாக அறிவித்தது 2011-இல்தான்.) மக்கள் மெலிந்திருந்த அந்த வேளையில் அன்னிய ஆட்சி வந்தது. கென்யாவில் 1904-இலும் 1911-இலும் ஒப்பந்தங்கள் எழுதி, நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து அவர்களை அகற்றி, வெள்ளையர் பண்ணைகளுக்கு இடம் செய்தனர். அவர்கள் வழக்குத் தொடுத்தும் பயனில்லை. தான்சானியாப் பக்கத்தில் 1959-இல் செரங்கெட்டிப் பூங்காவிலிருந்து அவர்களை வெளியேற்றி, ங்கொரொங்கொரோப் பகுதியில் இருக்கச் செய்தனர். நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்புகூட, 2022 ஜூன் மாதத்தில், லோலியோண்டோ என்னும் இடத்தில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வனவிலங்குக் காப்புக்கென்று எல்லைக்கல் நட்டுப் பிரித்தார்கள். எதிர்த்த மக்களுக்கும் காவலர்க்கும் மோதல் நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் வந்த சொந்த அரசும் அவர்களிடம் பொறுமை காட்டியது என்று சொல்ல முடியாது. நாட்டின் முதல் தலைவரான ஜூலியஸ் நைரேரே ஆசிரியராக இருந்தவர். மக்கள் அவரை ‘ம்வாலிமு’, அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர். இன்றும் அப்படியே நினைவுகூர்கின்றனர். பள்ளி பிள்ளையைத் தன் ஊரிலிருந்து பிய்த்தெடுத்துவிடக் கூடாது என்பதைத் தற்சார்புக் கல்வி பற்றி 1967-இல் அவர் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தினார். பயிற்சிக் கல்லூரியில் அதைப் படிக்கக் கொடுத்திருந்தால் நாங்கள் நல்ல ஆசிரியர்களாகியிருப்போம். ஆனால் அவர் ஆட்சியிலேதான், 1960-களின் கடைசியில், மாசாய் மக்கள் போர்வையைக் களைந்து கால்சட்டை அணிய வேண்டும் என்று ஓர் இயக்கம் நடந்தது. 1974-இல், அலைந்து வாழும் குடும்பங்களை நிலையான ஊர்களில் குடியேற்றும் முயற்சியும் நடந்தது. நல்ல ஆசிரியருக்கும் கையில் பிரம்பு இருந்தால் பொறுமை குறைந்துவிடுகிறது போலும். இவ்வாறு வெளியிலிருந்து வந்த ஒவ்வொன்றும் எதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கும் நாட்டில், பள்ளிக்கூடமும் வெளியிலிருந்தே வந்தது. அது எடுத்துக்கொள்ள வந்தது பிள்ளையை.

சனிக்கிழமை காலை தலைமையாசிரியையும், அச்சபையின் உபதேசியாரும், நாங்கள் நால்வரும் நடந்தே சென்றோம். முள்மரக் கிளைகளை வட்டமாக அடுக்கிய வேலி. உள்ளே சுற்றிலும் குடில்கள். நடுவில் இரவில் மாடு அடைக்கும் தொழுவம். குச்சிகளை நட்டு வளைத்து, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய தாழ்ந்த குடில்கள் அவை. உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. கட்டுபவர்கள் பெண்கள். ஒரு மூதாட்டி, ஒலிவ மரக் கொள்ளியைச் சுரைக்குடுக்கைக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். புகையும் கரியும் குடுக்கையைத் தூய்மை செய்து, பாலைக் கெடாமல் வைக்கும் என்று சொன்னார்கள். குடித்துப் பார்த்தேன், பாலில் மெல்லிய புகைவாசம்.

குடும்பத் தலைவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். காலில் பழைய மோட்டார் டயரில் வெட்டிய செருப்பு; இடுப்பில் கைத்தொலைபேசி. எங்களை வரவேற்கத் தம் உள்ளங்கையில் இலேசாகத் துப்பிவிட்டுக் கையை நீட்டினார். தபால் அலுவலர் ஓரடி பின்வாங்கினார். அது அவமதிப்பன்று, ஆசி. தண்ணீர் அரிதான நாட்டில் வாயின் ஈரத்தைக் கொடுப்பது வாழ்த்து என்று உபதேசியார் காதோடு சொன்னார். உடனே எங்கள் நண்பர் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். அவர் நல்ல மனிதர்.

கணக்கு ஆசிரியனாகிய நான் முதலில் ஒரு பிழை செய்தேன். “உங்களிடம் எத்தனை மாடு?” என்று கேட்டுவிட்டேன். உபதேசியார் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். மாட்டையும் பிள்ளைகளையும் எண்ணிச் சொல்வது ஆகாது என்பது அவர்களுடைய பழைய வழக்கம். (அடுத்த மாதம் நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறவர்கள் பாடு எப்படியோ என்று எண்ணிக்கொண்டேன்.) அப்படியானால் மாலையில் ஒரு மாடு குறைந்தால் எவ்வாறு தெரியும்? பெரியவர் இதற்கு மகிழ்ச்சியோடு விடை சொன்னார். ஒவ்வொரு மாட்டின் நிறமும் புள்ளியும் கொம்பின் வளைவும் அவர் கண்ணில் இருக்கின்றன. மா மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. மந்தை வேலிக்குள் நுழையும்போது பார்த்தாலே, வராத மாட்டின் முகம் நினைவுக்கு வந்துவிடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், பெயர் வாசிக்காமலே வராத பிள்ளையைக் கண்டுபிடிக்கும் ஆசிரியர் எத்தனை பேர்? எண்ணத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். நாபோ, ஆரே, ஊனி என்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்லும்போதே, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய விரற்குறியையும் காட்டினார். சந்தையில் வாய் திறவாமல் விரலாலேயே விலை பேசி முடிப்பார்களாம்.

பிறகு பள்ளியைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதைத் தொகுத்துச் சொல்லுகிறேன். ஆட்சியாளர் பள்ளிக்குப் பிள்ளை கேட்ட காலத்தில் அவருடைய தந்தையின் தலைமுறையினர், மந்தைக்கு உதவாத பையனையே கொடுத்தார்களாம். கெட்டிக்காரனுக்கே மாட்டை ஒப்புவிக்கலாம். மற்றவன் பள்ளிக்குப் போகட்டும் என்பது அன்றைய கணக்கு. அப்படிப் போன பையன் ஒருவன் கால்சட்டையும் சம்பளமுமாகத் திரும்பி வந்தபோது சிரித்தார்கள். 2009-ஆம் ஆண்டு வறட்சியில் லோங்கிடோ, மொண்டுலிப் பகுதிகளில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அப்பொழுது சிரிப்பு நின்றது. சம்பளம் வாங்கும் மகன் உள்ள வீட்டில் மறுபடியும் கன்று வாங்க முடிந்தது. “இப்பொழுது நான்கு பிள்ளைகளில் இருவரைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன். மழை தவறினால் அவர்களில் ஒருவனை அழைத்துக்கொள்வேன். மாடு செத்துப்போனால் படிக்கிறவனுக்குச் சாப்பாடு யார் போடுவது?” என்றார்.

மாணவ நேயர்களே, இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? அக்கறையின்மை எங்கே இருக்கிறது? மந்தை மேய்ப்பதும் ஒரு படிப்புத்தான். ஐந்து வயதில் வீட்டருகே ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் பார்த்துக்கொள்வது முதல் வகுப்பு. புல்லின் வகை, உப்பு மண் உள்ள இடம், சிங்கத்தின் கால்தடம், நோய்கண்ட மாட்டின் நடை எல்லாம் மேல் வகுப்புகள். அந்தப் படிப்புக்கும் பள்ளிப் படிப்புக்கும் வேண்டிய வயது ஒன்றே; வேண்டிய பகற்பொழுதும் ஒன்றே. ஒரே பிள்ளையை இரண்டு பள்ளிகள் பிடித்து இழுக்கின்றன. தான்சானியாவில் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை 2002-ஆம் ஆண்டை ஒட்டி நீக்கிவிட்டார்கள். 2016 முதல் இடைநிலைப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிகளில் கட்டணமில்லை. அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பெரியவர் தம் பிள்ளையை அனுப்பும்போது கொடுக்கும் விலை, கட்டணச் சீட்டில் எழுதப்படுவதன்று. இந்தக் கணக்கை அறிந்து நடப்பவர்களும் உண்டு. இளைஞராகும் சடங்குகளைப் பல குடும்பங்கள் டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளி வைத்துக்கொள்கின்றன. பள்ளியில் மதிய உணவு வேகும் நாளில் வருகை கூடுகிறது என்று தலைமையாசிரியை சொன்னார். 1982-க்குப் பின் நம் நாட்டுப் பள்ளிகளில் சத்துணவு வந்ததைக் கண்ட எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. அது இன்னும் கடினமானது. பெண்ணுக்கு விலையாக மாடு வருகிறது. வறட்சியில் மாடிழந்த வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளிக்குப் போகும் பிள்ளையாகத் தோன்றுவதில்லை. வரப்போகும் மந்தையாகத் தோன்றுகிறாள். இங்கே நான் பெரியவரின் பக்கம் நிற்க மாட்டேன். பதினைந்து வயதுப் பெண்ணைப் பெற்றோர் சம்மதத்தோடு மணம் முடிக்க இடங்கொடுத்த 1971-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, நாட்டின் அரசியலமைப்புக்கு முரண் என்று 2016-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெண் பிள்ளைகளின் உடலைச் சிதைக்கும் பழைய சடங்கையும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் செய்யக் கூடாதென்று 1998-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. சட்டம் தலைநகரில் இருக்கிறது. பெண் குடிலில் இருக்கிறாள். நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க உதவுவது விடுதிப் பள்ளி. மொண்டுலியில் மாசாய்ப் பெண்களுக்கென்றே லுத்தரன் திருச்சபை 1995-இல் ஒரு மேல்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. அங்கே இரவில் மேசை விளக்கின் கீழே இயற்பியல் படித்துக்கொண்டிருந்த பெண்களைக் கண்டேன். ஒரு மாணவி என்னிடம் கேட்ட ஐயம் ஒளிவிலகலைப் பற்றியது. படம் வரைந்து விளக்கினேன். அவள் என் படத்தில் ஒரு கோணத்தைத் திருத்தினாள்.

அந்த மொண்டுலியிலேதான் 1938-இல் எட்வர்டு சோகோயினே என்ற மாசாய்ச் சிறுவர் பிறந்தார். படித்து, 1977-இல் நாட்டின் பிரதம மந்திரியானார். 1984-இல் அப்பதவியில் இருக்கும்போதே மோட்டார் விபத்தில் உயிர் நீத்தார். ஊரில் அவர் பெயரைச் சொல்லும்போது முதியவர்களின் குரல் தாழ்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒரு வேல மரத்தின் நிழலில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்; ஆண்கள் சிலர் தூரத்தில் கம்பூன்றி நின்று கேட்டனர். மாசாய் நாட்டுச் சபைகளில் இது பழகிய காட்சி. எங்களுள் ஒரு கல்லூரி மாணவி அன்றிரவு என்னைக் கேட்டாள்: “ஐயா, நம் பதினொரு பேருடைய விமானச் சீட்டுப் பணத்தை அப்படியே இந்தப் பள்ளிக்கு அனுப்பியிருந்தால் என்ன?” போதகர் என்னைப் பார்த்தார், நான் போதகரைப் பார்த்தேன். அனுப்பியிருந்தால் அவர்களுக்கு நன்மை மிகுதி, நமக்கு அறிவு குறைவு என்று சொன்னேன். அது முழு விடையன்று என்பது அவளுக்கும் தெரிந்தது. அப்பொழுது எனக்கு வின்சென்ட் டோனவன் என்ற அமெரிக்கக் குருவின் செய்தி நினைவுக்கு வந்தது. கத்தோலிக்கத் துறவியாகிய அவர் லோலியோண்டோவில் பணியாற்றினார். பள்ளியும் மருத்துவமனையும் நடத்திப் பல ஆண்டுகள் கழிந்தும், தாங்கள் எதற்காக வந்தோமோ அதைப் பற்றி மாசாய் மக்களோடு உட்கார்ந்து பேசவே இல்லையே என்று உணர்ந்து, 1966-இல் தம் ஆயருக்குக் கடிதம் எழுதினார். பிறகு வெறுங்கையோடு குடில்களுக்குப் போய்ப் பேசத் தொடங்கினார். அவருடைய மார்க்கக் கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய் உட்கார்ந்தால்தான் கேட்பதற்குக் காது கிடைக்கிறது என்பதை, மிட்டாய்ப் பொட்டலத்தோடு போன நாங்கள் சற்றுத் தாமதமாகவே அறிந்தோம்.

மறுநாள் தலைமையாசிரியையிடம், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதன்முதலாகக் கேட்டோம். சுவரின் வண்ணம் அவர் பட்டியலிலேயே இல்லை. கூரையில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி வேண்டும் என்றார். தண்ணீருக்காகக் கழுதையோடு காலையில் போகும் பெண் பிள்ளைகள், முதல் இரண்டு பாடம் முடிந்த பிறகே வகுப்புக்கு வருகிறார்கள். தொட்டி இருந்தால் வீட்டுக்கு ஒரு குடம் இங்கிருந்தே கொண்டுபோவார்கள் என்றார். வண்ணத்துக்கு வைத்திருந்த பணத்தை அதற்குக் கொடுத்தோம். எங்கள் பொறியாளர் கூரையின் அளவெடுத்து, குழாய் எங்கே இறங்க வேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார். தொட்டியைக் கட்டப்போகிறவர் உள்ளூர்க் கொத்தனார். அவர் வரைபடத்தைப் பார்த்து, காற்று அடிக்கும் திசையைச் சொல்லி, அதை மாற்றினார்.

புறப்படும் நாளில் தலைமையாசிரியையிடம் என் கதை ஒன்றைச் சொன்னேன். 1984-இல் இராமநாதபுரம் சீமையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். செம்மறிக் கிடை போடும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் ஆறாம் வகுப்பில் இருந்தான். அறுவடை முடிந்தால் அந்தக் குடும்பங்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கத்து வயல்களில் கிடை அமர்த்தப் போய்விடும். அவனும் போனான். விதிப்படி நாள்களை எண்ணி, சிவப்பு மையால் கோடிட்டுப் பெயரை நீக்கினேன். மழைக்காலத்தில் திரும்பி வந்து, வகுப்பு வாசலில் சிலேட்டோடு நின்றான். “அப்பாவை அழைத்து வா” என்றேன். அப்பா வரவில்லை, அவனும் பிறகு வரவில்லை. கணக்கில் நல்ல மூளை அவனுக்கு. ஆண்டுதோறும் மதிப்பெண் விழுக்காடு எழுதி அனுப்பும்போது, அவன் எந்தக் கணக்கிலும் வராதவனாகவே இருந்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளை அலமாரியிலிருந்து எடுத்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பென்சில் எழுத்தை அழித்த இடங்கள் பல இருந்தன. அழிப்பான் தேய்த்த தாள் அங்கே மெலிந்து பளபளத்தது. அந்தப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அழிக்காத எழுத்துக்களும் இருந்தன. 2019-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஏழு பேர். 2020-இல் ஐந்து பேர். ஒரு பெயரின்மேல் விரலை வைத்து, “இவன் தாருஸ்ஸலாமில் காவற்காரனாக இருக்கிறான், போன மாதம் தொலைபேசியில் பேசினான்” என்றார். அடுத்த பெயருக்கு விரல் நகர்ந்தது. அங்கே சிறிது நேரம் நின்றது. வெளியே எங்கள் ஜீப்பின் குழல் ஒலித்தது.